இலவச வேலைக்கு விலை கொடுப்பவர் யார்?

அமெரிக்க நாட்டில் ஒரு வாக்குவாதம் பல ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. காரில் பாட்டுப் பெட்டி, ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் முதலியவற்றைப் பொருத்திக்கொள்ள எங்கே போவது? ஊருக்கு ஊர் கிளை பரப்பியிருக்கும் சங்கிலிக் கடைக்குப் போவதா? அல்லது இந்த வேலை ஒன்றையே தொழிலாகக் கொண்ட தனிப்பட்டறைக்குப் போவதா? "சங்கிலிக் கடையில் காரை விட்டால் வயரையெல்லாம் நாசமாக்கிவிடுவார்கள், அங்கே இருப்பவர்கள் விவரம் தெரியாத பையன்கள்" என்கிறது ஒரு கட்சி. "தனிப்பட்டறைக்காரர்கள் கூலி என்ற பெயரில் பகற்கொள்ளை அடிக்கிறார்கள்" என்கிறது இன்னொரு கட்சி.

கார் வைத்திருப்பவர்களின் சண்டை நமக்கெதற்கு என்று ஆலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளித் தோழர்களும் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இரண்டு காரணங்களுக்காக இந்த விஷயத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ஒன்று: அமெரிக்காவில் கார் என்பது சீமான்களின் வாகனம் மட்டுமல்ல. சில பெருநகரங்களைத் தவிர்த்தால், வேலைக்குப் போய்வரப் போதிய பஸ்ஸும் ரயிலும் இல்லாத நாடு அது. ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி ஒரு பழைய காரையாவது கடனுக்கு வாங்கித்தான் ஆக வேண்டும். அந்தக் கார் நடுவழியில் நின்றால் அவருடைய அன்றையக் கூலியும் நிற்கும். ஆகவே அந்தக் காருக்குள் யாரோ அவசரத்தில் அறுத்துப்போட்ட ஒரு வயர், அந்தக் குடும்பத்தின் அடுப்பு வரைக்கும் எட்டும்.

இரண்டு: மேலுக்கு இது பாட்டுப் பெட்டியைப் பற்றிய சண்டையாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது உழைப்பைப் பற்றிய கேள்வி. நல்ல வேலை எந்த நிலைமையில் நடக்கும்? எந்த நிலைமையில் கெடும்? கெட்டால் யார் மேல் பழி விழும்? இந்தக் கேள்விகளை நூற்பாலைச் சக்கரத்தின் முன்னாலும் நடவு வயலிலும் நாம் தினமும் சந்திக்கிறோம்.

நமது கருத்தை முதலிலேயே பகிரங்கமாகச் சொல்லிவிடுகிறோம். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைப் பார்த்து வேலையின் தரத்தைத் தீர்மானிக்க முடியாது. வேலை செய்கிறவருக்குக் கொடுக்கப்படும் நேரம், பயிற்சி, கூலி என்ற மூன்றுமே தரத்தைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றையும் வெட்டுகிற இடத்தில் வேலை கெடும்; அது பெரிய கடையானாலும் சரி, சின்னப் பட்டறையானாலும் சரி.

வேலை இன்னதென்று தெரிந்துகொள்வோம்

காரில் ரேடியோ வைக்கும் தொழில் நேற்று முளைத்ததல்ல. வியாபார ரீதியில் வெற்றி பெற்ற கார் ரேடியோவை 1930இல் சிக்காகோ நகரத்துக் கால்வின் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. மோட்டோரோலா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பின்னாளில் அதுவே கம்பெனியின் பெயராயிற்று. அன்று முதல் இன்றுவரை பெட்டி எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனால் யாரோ ஒருவர் காருக்குள் முதுகை வளைத்துப் படுத்து, தலைகீழாகக் கையை நீட்டி வயர் இழுத்தால்தான் பாட்டு வரும் என்ற உண்மை மட்டும் மாறவில்லை.

கார் பேட்டரி 12 வோல்ட். தொட்டால் ஷாக் அடிக்காது. ஆகவே அபாயம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இது பெரிய தவறு. 500 வாட் சக்தியை வெளியே தரும் ஒரு ஆம்ப்ளிபயர், 12 வோல்ட்டில் குறைந்தபட்சம் 42 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். சூடாக வீணாவதையும் சேர்த்தால் 60 ஆம்பியரையும் தாண்டும். நம் வீட்டு விளக்குகளுக்கு 5 ஆம்பியர் பியூஸ் போடுகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். வோல்ட் குறைவு என்பதால் ஆளை அடிக்காத அதே மின்சாரம், மெல்லிய வயரில் ஓடினால் அந்த வயரையே அடுப்புக் கம்பியாக்கிவிடும்.

காரின் இரும்பு உடலே பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு சேர்ந்திருக்கிறது. பாசிட்டிவ் வயரின் தோல் எங்காவது தேய்ந்து இரும்பில் பட்டால் ஷார்ட் ஆகும். அப்போது பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வயர் சிவக்கும், அதன் தோல் எரியும், பக்கத்திலுள்ள மெத்தையும் விரிப்பும் பற்றிக்கொள்ளும். இதைத் தடுக்க இந்தத் தொழிலில் ஒரு பழைய விதி உண்டு: பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் ஒரு பியூஸ் போடு. பியூஸ் எங்கே இருக்கிறதோ அதற்கு அப்பால் உள்ள வயருக்குத்தான் காவல். ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் கடைசியில் கொண்டுபோய்ப் பியூஸ் வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை ஓடும் வயர் முழுதும் காவலற்ற வயர். கடைசியாளர் வீட்டில் பூட்டுப் போட்டுவிட்டு ஊர் வாசலைத் திறந்து வைப்பது போன்ற காரியம் இது.

எஞ்சின் பகுதிக்கும் ஆள் உட்காரும் பகுதிக்கும் நடுவில் ஓர் இரும்புச் சுவர் இருக்கிறது. அதில் துளை போட்டு வயரை உள்ளே கொண்டுவர வேண்டும். துளையின் விளிம்பு கத்தி போலிருக்கும். அங்கே ஒரு ரப்பர் வளையம் போடாவிட்டால், காரின் அதிர்வில் நாளுக்கு நாள் வயரின் தோல் அறுபடும். வளையத்தின் விலை அற்பம். போடச் சில நிமிஷங்கள் ஆகும். அந்தச் சில நிமிஷங்கள்தான் இங்கே முக்கியம்.

எர்த் பிடிப்பதும் அப்படியே. பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரியச் செய்து, போல்ட் போட்டு முறுக்க வேண்டும். பெயிண்டின் மேலேயே திருகிவிட்டுப் போனால் இணைப்பு சூடாகும். எஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் ஊளைச் சத்தமும் ஏறும்.

வயரோடு வயரைச் சேர்ப்பதில்தான் கைத்தொழிலின் நாணயம் வெளிப்படுகிறது. காரின் பழைய வயரை வெட்டாமல், அந்தந்தக் காருக்கென்று விற்கும் இடைக் கனெக்டரை வாங்கி, புதுப்பெட்டியின் வயர்களை அதில் ஈயம் பற்றவைத்தோ, சரியான கருவியால் நசுக்கிப் பிடித்தோ இணைப்பது ஒரு முறை. காரின் வயரை வெட்டி, கையால் முறுக்கி, டேப் சுற்றிவிடுவது இன்னொரு முறை. வயரின் தோலைக் குத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவ்வியை மாட்டிவிடுவது மூன்றாவது முறை. இந்தக் கவ்வி உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழைகளில் சிலவற்றை அறுத்துவிடக்கூடும். கடையை விட்டு வெளியே வரும்போது மூன்று வேலைகளும் ஒன்றுபோலவே பாடும்! வித்தியாசம் பிறகுதான் தெரியும். வெயிலில் பசை இளகி டேப் அவிழும்; அதிர்வில் கவ்வி தளரும்; ஈரத்தில் பச்சை பூக்கும். நூலில் அறுந்த இழையை ஒழுங்காகச் சேர்க்காமல் ஓட்டிவிட்டால் அது ஆலையில் தெரியாது, நெசவில் தெரியும் என்பதை நூற்பாலைத் தோழர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றைய காரில் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது. 1998 முதல் அமெரிக்காவில் தயாராகும் பயணியர் கார்களில், மோதலின்போது விரிந்து ஆளைக் காக்கும் காற்றுப்பை முன்இருக்கை இரண்டுக்கும் சட்டப்படி கட்டாயம். அதன் வயர்கள் ரேடியோவுக்கு அருகிலேயே ஓடுகின்றன. 2018 மே 1 முதல் புதிய கார்களில் பின்பக்கத்தைக் காட்டும் காமிராவும் கட்டாயம். பல கார்களில் அந்தப் படம் தெரிவது பாட்டுப் பெட்டியின் திரையிலேயேதான். ஆகவே பெட்டியைக் கழற்றுகிறவர் கையில் இப்போது பாட்டு மட்டுமில்லை. காருக்குப் பின்னால் விளையாடும் குழந்தையின் உயிரும் இருக்கிறது.

இதுதான் வேலை. இதைப் படித்துத் தேறிய கை வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. அமெரிக்காவில் எம்.இ.சி.பி. என்ற பெயரில் இதற்கென்று தேர்வும் சான்றிதழும் இருக்கின்றன. அந்நாட்டு சர்க்காரின் தொழில் கணக்கெடுப்பும் வாகனங்களில் மின்னணுக் கருவி பொருத்துவோரைத் தனித் தொழிலாகவே கணக்கெடுக்கிறது. ஆனால் சான்றிதழ் கொடுத்தால் போதுமா? நேரம் கொடுக்க வேண்டாமா?

"இலவசம்" என்ற விளம்பரம்

சங்கிலிக் கடையின் வியாபாரம் எப்படி நடக்கிறது? அது பெட்டியை விற்கிற கடை. ஆயிரக்கணக்கில் கொள்முதல் செய்வதால் மலிவாக வாங்குகிறது. மலிவாக விற்று, போட்டிக் கடையை அடிக்கிறது. வாடிக்கையாளரை இழுக்க, "பெட்டி வாங்கினால் பொருத்தித் தருவது இலவசம்" என்று விளம்பரம் செய்கிறது. வாங்கப் போகிறவர் தொழிலாளி. கையில் இருப்பது கொஞ்சப் பணம். இலவசம் என்றதும் மனம் அங்கே போகிறது. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் உழைப்பு இலவசமாக வருமா? கொட்டகையில் நிற்கும் தொழிலாளிக்கு யாராவது கூலி கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அதை முதலாளி மூன்று வழிகளில் சரிக்கட்டுகிறார். முதலாவது, இடைக் கனெக்டர், வயர், சட்டம் என்று தனித்தனி பில். இலவசம் என்று வந்தவர் கணிசமான தொகையைக் கட்டிவிட்டே வெளியேறுகிறார். இரண்டாவது, மலிவுச் சரக்கு. செம்பு வயர் என்று நினைத்து வாங்கும் வயருக்குள், மேலே செம்பு முலாம் பூசிய அலுமினியம் இருக்கும். அலுமினியம் செம்பைப் போல ஏறக்குறைய 60 சதவிகிதம்தான் மின்சாரத்தைக் கடத்தும். அதே பருமனில் போட்டால் அதிகமாகச் சூடாகும். மூன்றாவது வழிதான் மிகவும் மோசமானது: தொழிலாளியின் நேரத்தை வெட்டுவது.

பல கடைகளில் இந்த வேலைக்கு மணிக்கணக்கில் கூலி இல்லை. ஒரு காருக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். பழகிய கைக்குச் சாதாரணக் காரில் ஒரு பெட்டி மாற்ற ஒரு மணி நேரம் ஆகலாம். ஆம்ப்ளிபயரும் பெரிய ஸ்பீக்கரும் சேர்ந்தால் அரை நாள் பிடிக்கும். ஆனால் வாசலில் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. ஒவ்வொருவருக்கும் மேனேஜர் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டார். பெயிண்டைச் சுரண்டினால் அந்தச் சில நிமிஷங்கள் தன் கூலியிலிருந்து போகும் என்று தெரிந்த தொழிலாளி என்ன செய்வார்? ரப்பர் வளையத்தைத் தேடி ஸ்டோருக்கு நடந்தால் அடுத்த கார் கைவிட்டுப் போகும் என்றால் என்ன செய்வார்? பல இடங்களில் கைக்கருவிகளையும் தன் காசிலேயே வாங்க வேண்டும். நல்ல நசுக்கும் கருவிக்குப் பணம் சேருகிறவரை கையில் இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும்.

தோழர்களே, இதை வயலில் நாம் பார்க்கவில்லையா? நாள்கூலிக்கு நடும்போது கயிறு பிடித்த மாதிரி நடவு விழுகிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசி, அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று விரட்டினால் குத்துக்குக் குத்து இடைவெளி கூடிவிடுகிறது. நட்ட கை ஒன்றுதான். கை மாறவில்லை, பேசிய கணக்கு மாறியது. மகசூல் குறைந்ததும் மிராசுதார் யாரைத் திட்டுகிறார்? நட்ட பெண்களைத்தான் திட்டுகிறார். காண்ட்ராக்ட் பேசிய தன்னைத் திட்டிக்கொள்வதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். வேலை கெட்டதும் "சங்கிலிக் கடைப் பையன்கள்" என்று ஏளனம் செய்கிறார்கள். அந்தப் பையனுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள், எத்தனை நாள் கொடுத்தார்கள், ஒரு காருக்கு எத்தனை நிமிஷம் கொடுத்தார்கள் என்று கேட்பவர் குறைவு. இப்படிப்பட்ட கொட்டகைகளில் தொழில் கற்றுத் தேறிய பலர், பிறகு விலகிப்போய்த் தனிப்பட்டறைகளில் பேர் வாங்கியிருக்கிறார்கள். அதே கை, அதே மூளை. அங்கே நேரம் கிடைத்தது; வேலை சிறந்தது.

மணிக்கு 51 சென்ட்

அனுபவமுள்ள தொழிலாளியைச் செலவுக் கணக்காக மட்டும் பார்த்த ஒரு சங்கிலிக் கடையின் சரித்திரத்தை இங்கே சொல்வது அவசியம்.

1949இல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் தொடங்கிய ஒரு கடை, பின்னால் சர்க்யூட் சிட்டி என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. டெலிவிஷன், ரேடியோ, கம்ப்யூட்டர் எல்லாம் விற்றது. கார் பாட்டுப் பெட்டிகளை விற்றதோடு தன் கொட்டகைகளிலேயே பொருத்தியும் கொடுத்தது. சரக்கைப் பற்றி விவரமாகச் சொல்லக்கூடிய விற்பனைத் தொழிலாளிகள் அதன் பலமாக இருந்தார்கள்.

2003 பிப்ரவரியில் நிர்வாகம் கமிஷன் முறையை ஒழித்தது. கமிஷனில் வேலை பார்த்த சுமார் 3,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2007 மார்ச்சில் இன்னொரு அடி. கடைகளில் வேலை பார்த்த சுமார் 3,400 பேர் ஒரேயடியாக நீக்கப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? திருடினார்களா? வேலைக்கு வராமல் இருந்தார்களா? இல்லை. அந்தந்த ஊரில் இந்த வேலைக்கு நிலவும் கூலியைவிட மணிக்கு 51 சென்ட் அல்லது அதற்கு மேல் அதிகமாக வாங்கினார்கள் என்பதுதான் காரணம். 51 சென்ட் என்றால் அரை டாலரும் ஒரு சென்ட்டும்! வருஷக்கணக்கில் உழைத்து, தொழில் தெரிந்து, படிப்படியாகக் கூலி உயர்ந்ததே அவர்களுக்கு எமனாயிற்று. பத்து வாரம் கழித்து, அப்போது காலியிடம் இருந்தால், குறைந்த கூலிக்கு மறுபடியும் மனுப் போடலாம் என்று சொன்னார்கள். இது ஆட்குறைப்பு மட்டுமா? அனுபவத்தின் மேல் போட்ட அபராதம் என்றே நாம் சொல்வோம்.

பிறகு என்ன நடந்தது? மிச்சப்படுத்திய சென்ட்டுகள் கம்பெனியைக் காப்பாற்றினவா? 2008 பிப்ரவரியோடு முடிந்த நிதி ஆண்டில் அந்தக் கம்பெனிக்கு சுமார் 32 கோடி டாலர் நஷ்டம். 2008 நவம்பர் 10ஆம் தேதி அது திவால் மனுப் போட்டது. 2009 ஜனவரியில் மீதியிருந்த 567 கடைகளையும் கலைத்துவிடப் போவதாக அறிவித்தது. 2009 மார்ச் 8ஆம் தேதி கடைசிக் கதவும் மூடப்பட்டது. சுமார் 34,000 பேர் வேலை இழந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்த 51 சென்ட் தேவைப்பட்டது, ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

நியாயத்தோடு பேசுவோம். 2008இல் நாடெங்கும் கடன் முடங்கியது. மக்கள் கையில் பணம் இல்லை. போட்டிக் கம்பெனிகளும் இருந்தன. ஒரே காரணத்தால் விழுந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் போட்டி நெருக்குகிறபோது எந்தப் பலத்தை வைத்துத் தாக்குப்பிடிக்க வேண்டுமோ, அந்தப் பலத்தையே அது முன்கூட்டி வெளியே தள்ளியிருந்தது. விவரம் தெரிந்த ஆளிடம் கேட்டு வாங்கலாம் என்று கடைக்கு வந்தவர், அந்த ஆள் இல்லாத கடைக்கு எதற்காக வர வேண்டும்? விற்பனையில் நடந்த இதே காரியம், பொருத்தும் கொட்டகையில் நடந்தால் விளைவு இன்னும் கொடியது. விற்பனையில் தவறினால் வாடிக்கையாளர் போவார்; வயரில் தவறினால் கார் தீப்பிடிக்கும்.

தனிப்பட்டறை சொர்க்கமா?

அப்படியானால் தனிப்பட்டறைதான் வழி என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

நல்ல பட்டறையின் சிறப்பை மறுக்க முடியாது. அங்கே கார் வந்ததும், எந்த வயர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முதலில் யோசிக்கிறார்கள். ஸ்பீக்கருக்கு மரப்பெட்டியை அந்தக் காரின் அளவுக்கு அங்கேயே அறுத்துச் செய்கிறார்கள். கதவுத் தகடு அதிராமல் உள்ளே விரிப்பு ஒட்டுகிறார்கள். ஆம்ப்ளிபயரின் அளவுத் திருகியை, சத்தம் பிசிறடிக்காத இடத்தில் அளந்து நிறுத்துகிறார்கள். அவசரக் கடையில் அதைச் சத்தம் கூட்டும் குமிழ் என்று நினைத்துக் கடைசிவரை திருகிவிட்டு, ஸ்பீக்கர் கருகிய பிறகு ஸ்பீக்கரைக் குறை சொல்வதும் உண்டு. கார் ஒலியமைப்புக்காக அமெரிக்காவில் போட்டிகள் நடக்கின்றன. ஐ.ஏ.எஸ்.சி.ஏ. என்ற அமைப்பின் போட்டிகளில் ஒலிக்கு மட்டுமின்றி, வயர் ஓட்டிய ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் சேர்த்தே மார்க் போட்டார்கள். மூடிக்குள் மறைந்து கிடக்கும் வேலைக்கு மதிப்பளித்த நல்ல ஏற்பாடு அது.

ஆனால் இந்தச் சிறப்பு யாருக்குக் கிடைக்கிறது? கூலியாக மணிக்கு நூறு டாலர் கேட்கும் பட்டறைகளும் உண்டு. விலை உயர்ந்த காருக்கு வாரக்கணக்கில் வேலை நடக்கிறது. பழைய காரோடு வரும் தொழிலாளிக்கு அங்கே கட்டுப்படியாகாது. ஆகவே வசதி உள்ளவருக்குப் பியூஸ் சரியான இடத்தில். வசதியற்றவருக்குத் தப்பான இடத்தில் என்ற நிலைமை ஏற்படுகிறது. பளபளப்பான மரப்பெட்டிக்கு அதிக விலை வாங்கட்டும், அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. தீப்பிடிக்காத வயர் மட்டும் பணக்காரருக்குரிய ஆடம்பரமாக ஆகக் கூடாது.

மேலும், வாடிக்கையாளர் கொடுக்கும் நூறு டாலரும் வேலை செய்கிறவர் கைக்கா போகிறது? பட்டறை முதலாளி நல்லவராக இருந்தால் கௌரவமான பங்கு போகும். இல்லாவிட்டால் "தொழில் கற்றுக்கொள்கிறாய்" என்ற பெயரில் அற்பக் கூலிக்கு இளைஞர்களை வருஷக்கணக்கில் வைத்திருப்பார். அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, வாரம் 40 மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. "நீ தொழிலாளியல்ல, தனிக் காண்ட்ராக்டர்" என்று எழுதி வாங்கிக்கொண்டு இந்த விதியிலிருந்து நழுவும் தந்திரத்தைப் பல தொழில்களில் சின்ன முதலாளிகளும் கையாள்கிறார்கள், பெரிய முதலாளிகளும் கையாள்கிறார்கள். பெயர்ப்பலகை சிறியது என்பதால் சுரண்டல் சிறியதாகிவிடாது. இரவு பதினொரு மணிக்குக் கண் சொக்கும் கையால் போட்ட இணைப்பு, எந்தப் பட்டறையில் போட்டாலும் பலவீனமான இணைப்புதான்.

அதுபோலவே, சங்கிலிக் கடை என்றாலே கெட்ட வேலை என்பதும் உண்மையல்ல. ஒரு கொட்டகையில் பத்து வருஷம் நிலைத்து நிற்கும் அனுபவசாலி ஒருவர் இருந்தால், புதிதாக வந்தவர் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார். எழுதிய உத்தரவாதம் இருக்கிறது. வேறு ஊரில் பழுதானாலும் அங்குள்ள கிளையில் காட்டலாம். இவை சாதாரண நன்மைகள் அல்ல. அந்த அனுபவசாலியை நிலைத்து நிற்க விடுகிறார்களா, மணிக்கு 51 சென்ட் அதிகம் என்று துரத்துகிறார்களா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பழி யார் மேல்?

வேலை கெட்டால் வாங்கியவர் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1975இல் இயற்றப்பட்ட மாக்னுசன்–மாஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி, வெளிக்கடையில் பாட்டுப் பெட்டி மாட்டினார் என்ற ஒரே காரணத்துக்காகக் கார் கம்பெனி உத்தரவாதத்தை மறுத்துவிட முடியாது. அந்தப் பெட்டியோ அதைப் பொருத்திய விதமோதான் பழுதுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் வயரை வெட்டி டேப் சுற்றியிருந்தால்? கார் கம்பெனிக்குக் காரணம் கைமேல் கிடைத்துவிடுகிறது. அது கடையைக் காட்டும். கடை, பெட்டி செய்த கம்பெனியைக் காட்டும். பெட்டிக் கம்பெனி, பொருத்திய ஆளைக் காட்டும். பொருத்திய ஆள் அதற்குள் குறைந்த கூலி தாங்காமல் வேறு வேலைக்குப் போயிருப்பார். நடுத்தெருவில் நிற்பவர் காரை நம்பிப் பிழைக்கிற தொழிலாளி. ஆக, இலவச வேலைக்கு விலை கொடுப்பவர்கள் இரண்டு பேர். முதலில் கொடுப்பவர், வேலை செய்தவர். இரண்டாவதாகக் கொடுப்பவர், வேலையை வாங்கியவர். இருவரும் உழைப்பாளிகள். இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கும் வரை, இருவரிடமும் எடுத்தவர் நிம்மதியாக இருப்பார்.

இதற்கு என்ன செய்வது? வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. என் காரில் கைவைக்கப் போகிறவர் யார், இந்தத் தொழிலில் எத்தனை நாள் இருக்கிறார்? பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் வருமா? வயர் முழுச் செம்பா? என் காரின் வயரை வெட்டாமல் இடைக் கனெக்டர் போடுவீர்களா? மூடியை மூடுவதற்கு முன் எனக்குக் காட்டுவீர்களா? இவற்றுக்கு நேரான பதில் வருகிற கடை பெரியதோ சிறியதோ, அங்கே காரை விடலாம். கடைசியாக ஒரு கேள்வி, எல்லோரும் கேட்க மறக்கிற கேள்வி: இந்த வேலைக்கு அவருக்கு எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறீர்கள்?

பொருத்தும் தொழிலாளிகளின் கோரிக்கைகளும் தெளிவானவை. காருக்கு இவ்வளவு என்ற விரட்டல் கூலி போக வேண்டும். மணிக்கணக்கில் கௌரவமான கூலி வேண்டும். பயிற்சிச் செலவும் தேர்வுக் கட்டணமும் கருவிகளும் முதலாளி பொறுப்பு. அனுபவம் ஏற ஏறக் கூலி ஏற வேண்டும். ஏறிய கூலியே வேலைநீக்கத்துக்குக் காரணமாகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, "இவ்வளவு நேரத்தில் இதைப் பாதுகாப்பாக முடிக்க முடியாது" என்று சொல்லும் உரிமை வேண்டும். சொன்னதற்காக வேலை போகக் கூடாது. தனித்தனியாகக் கொட்டகைக்குள் படுத்துக்கொண்டு ஒருவர் இதைச் சொன்னால் வெளியே தள்ளிவிடுவார்கள். ஒன்றுசேர்ந்து சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்தப் பாடத்தை எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் யாரும் இனாமாகக் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்தக் கோரிக்கைகள் தொழிலாளியின் வயிற்றுக்காக மட்டும் எழுந்தவை என்று யாராவது சொன்னால், அவருக்கு நாம் ஒரே பதிலைத்தான் சொல்வோம். உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நீங்கள் ஓட்டும் காருக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓர் இணைப்பு இருக்கிறது. அதைப் போட்டவருக்கு அதைச் சரியாகப் போட நேரம் இருந்ததா, இல்லையா? அவருடைய கோரிக்கையில் உங்கள் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.